கேள்வி–பதில்: டூரிங் பைக்குக்குப் பின்னால் சாமான் டிரெய்லர்

நெடும்பயண பைக்கில் டிரெய்லர் பூட்டுவது பற்றிக் கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் வண்டி ஓட்டும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் 2012 ஹோண்டா கோல்ட்விங் ஜிஎல்1800 இருக்கிறது. கோடையில் மனைவியோடு டொரண்டோவிலிருந்து பான்ஃப் வரை போக நினைக்கிறோம். கூடாரம், அடுப்பு, துணிமணி எல்லாம் சைடு பாக்ஸில் கொள்ளாது. டிரெய்லர் இழுக்கலாமா? எவ்வளவு எடை வரை?
(மார்க்கம், கனடா)

பதில்: இன்ஜினைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆறு சிலிண்டர், 1832 சிசி. 150 கிலோ பின்னால் வந்தாலும் மேட்டில் திணறாது. ஆனால் வண்டியோடு வரும் கையேட்டில் ஹோண்டா, இதில் டிரெய்லர் இழுக்காதீர்கள், சைடுகார் பூட்டாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. ஹார்லி டேவிட்சனும் அப்படித்தான் எச்சரிக்கிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் வட அமெரிக்காவில் ஏராளமானோர் இழுக்கிறார்கள். ஹிட்ச்சும் (டிரெய்லரை மாட்டப் பைக்கின் பின்னால் பூட்டும் உருண்டைத் தாங்கி) டிரெய்லரும் தனித் தயாரிப்பாளர்களிடமிருந்து வருகின்றன. அதனால் வாங்கும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். வாரண்டி பாக்கி இருந்தால் அது என்னவாகும் என்று டீலரிடம் கேளுங்கள். டிரெய்லர் பூட்டிய நிலையில் காப்பீடு செல்லும் என்பதை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது போதாது.

எடையை முடிவு செய்வது பிரேக். இந்த வகை டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த பிரேக் கிடையாது. உங்கள் வண்டி பெட்ரோலோடு 410 கிலோவுக்கு மேல். இருவரும் ஏறினால் 560 கிலோ என்று வையுங்கள். 150 கிலோ டிரெய்லர் சேர்ந்தால் அதே பிரேக்குகள் கால் பங்குக்கும் அதிகமான கூடுதல் எடையை நிறுத்த வேண்டும். சாமானோடு சேர்த்து 150 கிலோவைத் தாண்டாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. ஃபைபர் உடல் கொண்ட டிரெய்லர் காலியாகவே 90 கிலோ இருக்கலாம். அப்படியானால் உங்களுக்கு மிஞ்சுவது 60 கிலோதான். விரித்தால் கூடாரமாகும் டிரெய்லர்கள் பல காலியாகவே 120 கிலோவைத் தாண்டும். அவற்றை வாங்குகிறவர்கள் இடம் இருக்கிறதே என்று நிரப்பிவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது முன்பாரம். நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியில் பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே தூக்கும். முன்பாரம் கூடினால் கழுத்தை அழுத்தும். டிரெய்லரின் இழுகம்பி ஹிட்ச் உருண்டையை அழுத்தும் பாரமும் அதே கணக்குதான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அங்கே விழ வேண்டும். 150 கிலோ என்றால் 15 கிலோ. இந்த 15 கிலோ பைக்கின் மேல் ஏற்றிய சாமானாகவே கணக்கில் சேரும். வண்டியின் ஸ்டிக்கரில் உள்ள ஏற்று எடை வரம்பிலிருந்து உங்கள் இருவர் எடையையும், சைடு பாக்ஸில் இருப்பதையும், இதையும் கழித்துப் பாருங்கள். இருவர் உட்கார்ந்தாலே வரம்பு ஏறக்குறைய முடிந்துவிடும். எனவே டிரெய்லர் வந்தபின் சைடு பாக்ஸில் மழைக்கோட்டும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் இருக்கட்டும்.

அந்த 15 கிலோ பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. உருண்டை அச்சிலிருந்து 60 செ.மீ. பின்னால் இருந்தால், 169 செ.மீ. வீல்பேஸ் உள்ள உங்கள் வண்டியில் முன்சக்கரத்தின் மேல் 5 கிலோ குறையும், பின்சக்கரத்தின் மேல் 20 கிலோ கூடும். பின் டயரில் 74 என்று எடைக் குறியீடு இருக்கும். அது 375 கிலோ தாங்கும் என்று பொருள். பின் காற்றழுத்தத்தை 41 பிஎஸ்ஐக்குக் குறைய விடாதீர்கள். பின் ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கம்) இருவருக்கான அளவுக்குமேல் ஒரு படி ஏற்றுங்கள்.

ஒன்டாரியோவில் டிரெய்லருக்குத் தனிப் பதிவும் தகடும் வேண்டும், கட்டணம் ஒருமுறைதான். பிரேக் கட்டாயமாவது 1,360 கிலோவிலிருந்து என்பதால் சட்டம் உங்களைப் பிரேக் கேட்காது.

கேள்வி: மணிக்கு 90 கி.மீ. வரை டிரெய்லர் சாதுவாக வருகிறது. அதைத் தாண்டினால் வால் ஆடுவதுபோல் இடமும் வலமும் அசைகிறது. பைக்கின் பின்புறமே ஆடுகிறது. லாரி கடந்து போனால் இன்னும் மோசம். காரணம் என்ன?
(எட்மன்டன், கனடா)

பதில்: முதலில், ஆடத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்பது. த்ராட்டிலை மெதுவாக மூடுங்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து எதிர்த்துத் திருப்பாதீர்கள். நீங்கள் திருப்புவது பெரும்பாலும் ஒரு அசைவு தாமதமாகப் போய்ச் சேர்ந்து ஆட்டத்தைக் கூட்டும். முன் பிரேக்கை அழுத்த வேண்டாம். வேகமெடுத்து நிமிர்த்தலாம் என்ற யோசனையும் வேண்டாம். வேகம் 10, 15 கி.மீ. குறைந்ததும் ஆட்டம் தானாக அடங்கும். பிறகு ஓரத்தில் நிறுத்திச் சாமானை இடம் மாற்றாமல் பயணத்தைத் தொடராதீர்கள்.

இனி காரணம். பத்தில் எட்டு வண்டியில் முன்பாரம் போதாமைதான். சாமானின் எடைமையம் டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், சிறிய அசைவும் தானே பெருகும். குறைந்த வேகத்தில் டயரின் பிடிப்பு அந்த அசைவை அடக்கிவிடும். வேகம் கூடக்கூட அந்த அடக்கும் சக்தி குறையும். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல்தான் ஆட்டம் தெரிகிறது என்று நீங்கள் சொல்வதற்கு இதுவே விளக்கம்.

வீட்டில் எடை பார்க்கும் தராசு ஒன்று போதும். டிரெய்லரைப் பயணத்துக்கு நிரப்புகிறபடியே நிரப்பி, சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். தராசின் மேல் மரக்கட்டை அடுக்கி, பைக்கில் உருண்டை இருக்கும் அதே உயரத்தில் கப்ளர் (இழுகம்பியின் முனையில் உருண்டையைக் கவ்வும் பகுதி) உட்காரும்படி செய்யுங்கள். தராசு காட்டும் எடையிலிருந்து கட்டையின் எடையைக் கழித்தால் முன்பாரம். உயரம் முக்கியம்: கப்ளரை 10 செ.மீ. மேலே தூக்கி அளந்தால் சாமானின் எடை பின்னோக்கிச் சாய்ந்து, எண் குறைவாகக் காட்டும். இதே காரணத்தால், உருண்டை அதிக உயரத்தில் இருந்து டிரெய்லர் மூக்கைத் தூக்கியபடி ஓடினாலும் வால் ஆடும். பூட்டி நிறுத்தியபின் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேல்விளிம்பு தரைக்கு இணையாகவோ, மூக்கு மிகச் சிறிதளவு தாழ்ந்தோ இருக்க வேண்டும்.

100 கிலோ டிரெய்லரில் 10 கிலோவுக்குக் கீழே வந்தால் சாமானை முன்னுக்கு நகர்த்துங்கள். 15 கிலோவைத் தாண்டினால் பின்னுக்கு. அடுப்பு, கருவிப்பெட்டி, டின் உணவு எல்லாம் அச்சுக்கு நேர் மேலேயும் சற்று முன்னேயும், தரையை ஒட்டி வைக்க வேண்டியவை. படுக்கையும் துணியும் பின்மூலைகளுக்கு. இடம் காலியாக இருந்தால் பை நகராமல் பட்டையால் கட்டுங்கள். பிரேக் பிடிக்கும்போது முன்னுக்கு ஓடிய சாமான் மேட்டில் பின்னுக்கு ஓடும். காலையில் அளந்த கணக்கு மதியம் இருக்காது.

இழுகம்பியின் மேல் ஐஸ்பெட்டி வைக்கும் தட்டு உங்களிடம் இருந்தால் அதை நன்றாகக் கவனியுங்கள். ஐஸும் தண்ணீரும் நிறைந்த பெட்டி 15 கிலோ எளிதில் இருக்கும். அதில் பெரும்பகுதி உருண்டையின் மேல் விழும். அதை வைத்துச் சரிபார்த்துவிட்டு, மூன்றாம் நாள் காலிப் பெட்டியோடு ஓட்டினால் முன்பாரம் பாதியாகிவிடும். பெட்டியில் கனமான எதையும் வைக்காமல் இருப்பதே நல்லது.

முன்பாரம் சரியாக இருந்தும் ஆடினால் வரிசையாகப் பாருங்கள்: இரு டயரின் காற்றும் ஒன்றாக இருக்கிறதா, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கில் லூஸ் தெரிகிறதா, உருண்டைமேல் கப்ளர் ‘டக் டக்’ என்று தட்டுகிறதா, உருண்டையின் நட் இறுக்கமாக இருக்கிறதா, ஹிட்ச் பிராக்கெட்டின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா. ஹிட்ச்சை சாமான் கேரியரிலோ மட்கார்டு தாங்கியிலோ பூட்டியிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். அது வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) பிடித்திருக்க வேண்டும்.

உருண்டையின் அளவையும் பாருங்கள். அமெரிக்க டிரெய்லர்களில் 1⅞ அங்குலம், 2 அங்குலம் இரண்டும் உண்டு. ஐரோப்பாவில் 50 மி.மீ. அளவு உருண்டையின் தலையிலும் கப்ளரின் மேலும் பொறித்திருக்கும். 1⅞ அங்குல உருண்டையின் மேல் 2 அங்குலக் கப்ளர் உட்கார்ந்து, பூட்டும் விழுந்துவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகத் தோன்றும். ஒரு பெரிய பள்ளத்தில் கழன்றுகொள்ளும்.

கேள்வி: பிரிட்டனில் பைக் டிரெய்லருக்கு என்ன அளவு, என்ன வேகம்? என் வண்டி 200 கிலோதான்.
(கிங்ஸ்டன், லண்டன்)

பதில்: பைக் 125 சிசிக்கு மேல் இருக்க வேண்டும், பயிலுநர் உரிமத்தில் இழுக்கக் கூடாது. டிரெய்லரின் அகலம் 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. பைக்கின் பின் அச்சிலிருந்து டிரெய்லரின் கடைசி முனை வரை 2.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சாமானோடு டிரெய்லரின் எடை 150 கிலோ, அல்லது பைக்கின் வெற்று எடையில் மூன்றில் இரண்டு பங்கு. இதில் எது குறைவோ அது. 225 கிலோவுக்கு மேற்பட்ட பைக்குக்கு 150 கிலோ வரம்பு வரும். உங்கள் 200 கிலோ வண்டிக்கு வரம்பு 133 கிலோ. டிரெய்லரின் காலி எடையை அதன் மேல் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பின்னால் பைக்கின் பதிவெண் தகடும் வேண்டும்.

வேக வரம்பு மோட்டார்வேயிலும் இருவழிப் பிரிப்புச் சாலையிலும் மணிக்கு 60 மைல், பிரிப்பு இல்லாத சாலையில் 50 மைல். மூன்று தடமோ அதற்கு மேலோ உள்ள மோட்டார்வேயில் வலக்கோடித் தடத்துக்குப் போகக் கூடாது.

கேள்வி: ஜெர்மனியில் ஆட்டோபானில் டிரெய்லரோடு 80 கி.மீ. வேகத்தில் போகலாமா?
(எஸ்ஸன்)

பதில்: முடியாது. கார் டிரெய்லருக்கு உள்ள 80 கி.மீ. உங்களுக்குப் பொருந்தாது. டிரெய்லர் பூட்டிய மோட்டார் சைக்கிளுக்கு ஊருக்கு வெளியேயும் ஆட்டோபானிலும் 60 கி.மீ.தான். ஆட்டோபானில் 60 கி.மீ. வேகத்தில் போனால் லாரிகள் உங்களை நெருக்கித் தாண்டும். நெடுந்தூரத்துக்குக் கிராமப்புறச் சாலைகளைத் தேர்ந்தெடுங்கள், நாளுக்கான தூரத்தையும் குறைத்து வையுங்கள்.

கேள்வி: ஒற்றைச் சக்கர டிரெய்லர் நல்லதா, இரட்டைச் சக்கரமா? சுழல் கப்ளர் கட்டாயம் வேண்டும் என்கிறார்களே?
(நியூ ஜெர்சி, அமெரிக்கா)

பதில்: பைக் வளைவில் சாயும், இரட்டைச் சக்கர டிரெய்லர் சாயாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் மூட்டுதான் இந்த வேறுபாட்டை ஏற்க வேண்டும். சாதாரணக் கப்ளரும் உருண்டையின் மேல் ஓரளவு சுழலும். ஆனால் உருண்டையின் கழுத்து கப்ளரின் விளிம்பில் முட்டும்வரைதான். முட்டியபின் பைக் மேலும் சாய மறுக்கும், அல்லது டிரெய்லரின் ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பும். வளைவின் நடுவே இப்படி நேர்ந்தால் வண்டி எதிர்த்தடத்துக்குப் போய்விடும். சுழல் கப்ளரில் இழுகம்பிக்கும் கப்ளருக்கும் நடுவே ஒரு தண்டு முழுச் சுற்றும் சுழலும். பெட்ரோல் பங்கில் பைக் கைதவறிச் சாய்ந்து விழுந்தாலும் டிரெய்லர் நின்றபடியே நிற்கும், ஹிட்ச் முறுக்கிக்கொள்ளாது. எங்கள் பார்வையில் இது கட்டாயம். அதில் உள்ள கிரீஸ் நிப்பிளுக்கு மூவாயிரம், நாலாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். துரு பிடித்த சுழல் கப்ளர் சாதாரணக் கப்ளரைவிட மோசம், ஏனென்றால் சுழலும் என்று நம்பிச் சாய்கிறீர்கள்.

ஒற்றைச் சக்கர டிரெய்லரில் உருண்டைக்குப் பதில் யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். மேலே கீழே, இடம் வலம் இரண்டுக்கும் இசையும். சாய்வில் மட்டும் பைக்கோடு இறுகியிருக்கும். அதனால் டிரெய்லரும் கூடவே சாயும். அகலம் குறைவு, பள்ளத்தைத் தவிர்ப்பது எளிது, பைக் போன தடத்திலேயே சக்கரம் வரும். விலை என்னவென்றால் சாமான் இடம் வலமாகச் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 5 கிலோ கூடினால் அந்தச் சாய்வை நாள் முழுதும் உங்கள் கைகள் தாங்கும். தனியே நிற்காது. பைக் விழுந்தால் அதுவும் விழும். தனியாகச் செல்பவர், 40 கிலோவுக்குள் சாமான், வளைவு நிறைந்த மலைச்சாலை என்றால் ஒற்றைச் சக்கரத்தைச் சொல்வோம். இருவர், கூடாரம், நெடுஞ்சாலை என்றால் இரட்டை.

கேள்வி: டிரெய்லர் விளக்கு பூட்டியபின் பிரேக்கை அழுத்தினால் இண்டிகேட்டர் நின்றுவிடுகிறது. இன்னொரு சமயம் இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பின்விளக்கும் மங்கலாக மினுக்குகின்றன.
(டாலஸ், அமெரிக்கா)

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

மங்கலாக மினுக்குவது எர்த் கோளாறு. மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் மற்ற பல்பு வழியாகச் சுற்றிப் போகிறது. உருண்டையும் கப்ளரும் தொட்டுக்கொண்டிருப்பதே எர்த் என்று விட்டிருப்பார்கள். அங்கே கிரீஸ் இருக்கிறது, சுழல் கப்ளரில் இன்னும் கிரீஸ். எர்த்துக்கான வெள்ளை வயரை ஒவ்வொரு விளக்கிலிருந்தும் பிளக் வரையும், பிளக்கிலிருந்து பைக் பேட்டரியின் நெகட்டிவ் வரையும் தனியாக இழுங்கள்.

முதல் கோளாறு வேறு. பல டூரிங் பைக்குகளில் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் தனித்தனி. அமெரிக்க நான்கு முனை பிளக்கிலோ இரண்டும் ஒரே பல்பில்: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது இண்டிகேட்டரும் பிரேக்கும், பச்சை வலது இண்டிகேட்டரும் பிரேக்கும். வெறும் வயரை முறுக்கி இணைத்தால் பிரேக் மின்சாரம் இண்டிகேட்டரின் மினுக்கலை மூழ்கடித்துவிடும். ஐந்து வயரை நான்காக மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும்.

அதை வாங்கும்போது பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் வகையை வாங்குங்கள். பைக்கின் விளக்கு வயர்கள் சைகை மட்டும் கொடுக்கும். டிரெய்லர் பல்புகளை எரிப்பது பேட்டரியில் 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியே வரும் வயர். 1157 வகைப் பல்பின் பிரேக் இழை ஒன்றுக்கு 27 வாட். இரண்டு சேர்ந்தால் 54 வாட் கூடுதல் சுமை. பைக்கின் மெல்லிய வயருக்கு அது அதிகம். கேன் பஸ் (மின்கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வயர் வலை) உள்ள புதிய பைக்குகளில் அந்தச் சுமையைக் கோளாறு என்று கம்ப்யூட்டர் எண்ணி விளக்கையே அணைத்துவிடும். டிரெய்லர் விளக்குகளை எல்இடிக்கு மாற்றினால் சுமையும் குறையும், அதிர்வில் இழை அறுவதும் இல்லை. வயர் நீளம் விடும்போது ஹேண்டிலை முழுதும் ஒடித்துப் பைக்கை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். இழுபடவும் கூடாது, தரையில் உரசவும் கூடாது.

பாதுகாப்புச் சங்கிலிக்கும் அதே சோதனை. இரண்டு சங்கிலியையும் இழுகம்பிக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கப்ளர் கழன்றால் அந்தக் குறுக்குச் சங்கிலி இழுகம்பியைத் தாங்கிக்கொள்ளும். முனை சாலையில் குத்தி டிரெய்லர் குட்டிக்கரணம் போடாது.

கேள்வி: 8 அங்குலச் சக்கரம். 200 கி.மீ. ஓடியபின் ஒரு ஹப் தொட முடியாத சூடு. டிரெய்லர் வேறு துள்ளுகிறது. டயரில் எழுதியபடி 60 பிஎஸ்ஐ வைத்திருக்கிறேன்.
(சார்லட், அமெரிக்கா)

பதில்: துள்ளலுக்கு விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 4.80-8 டயரில் எழுதியுள்ள 60 பிஎஸ்ஐ, அந்த டயர் 268 கிலோ சுமக்கும்போது வேண்டிய அழுத்தம். இரண்டு டயருக்கு 536 கிலோ. உங்கள் டிரெய்லர் அதில் மூன்றில் ஒரு பங்கும் இருக்காது. அழுத்தம் மிகுந்த டயர் கல்லாகி ஒவ்வொரு பள்ளத்திலும் எழும்பும். எழும்பிய டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு இல்லை. டிரெய்லர் தயாரிப்பாளர் தந்த எண்ணை வையுங்கள். அது கிடைக்காவிட்டால் 25 முதல் 30 பிஎஸ்ஐக்குள் தொடங்கி, டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டுச் சாமானோடு சில மீட்டர் தள்ளிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும். இந்த டயர்கள் பலவற்றின் வேக வரம்பு மணிக்கு 65 மைல். வேகக் குறியெழுத்து வேறு சொன்னால் தவிர அதைத் தாண்டாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் வெடித்துவிடும். ஆறு வயதானதை மாற்றிவிடுங்கள்.

சூட்டுக்கு வருவோம். சிறிய சக்கரம் அதிகமாகச் சுற்றும். 100 கி.மீ. வேகத்தில் உங்கள் 8 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,260 சுற்று. 12 அங்குலச் சக்கரம் 1,000. பைக்கின் பின்சக்கரம் 850. கிரீஸ் காய்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது சிறிய சக்கரம். இரு ஹப்பும் ஒரே அளவில் இளஞ்சூடாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் அதே நாளில் பிரித்துப் பாருங்கள். மறுநாள் வரை ஓட்டாதீர்கள். பேரிங் இறுகினால் சக்கரமே கழன்று போகும்.

பிரித்தபின் பழைய கிரீஸை முழுதும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். ரோலரிலோ அவை ஓடும் கிண்ணத்திலோ நீலம் பாய்ந்த கறை, குழி தெரிந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். உள்ளங்கையில் கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகலப் பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் ரோலர்களின் இடுக்கில் கிரீஸ் பிதுங்கும்வரை அடையுங்கள். பின் சீலைப் புதிதாகப் போடுங்கள். ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே ஆக்ஸில் நட்டை இறுக்கி, சுற்றுவது கனத்ததும் நட்டை முழுதும் தளர்த்துங்கள். பிறகு விரலால் மட்டும் இறுக்கி, துளை நேராக வரும்வரை சற்றுத் தளர்த்திக் காட்டர் பின் போடுங்கள். ஸ்பானரால் இறுக்கி விட்டதுதான் உங்கள் ஒற்றை ஹப் சூட்டுக்குக் காரணமாக இருக்கும். ஹப்பின் முனையில் கிரீஸ் அடிக்கும் மூடி இருந்தால் அளவோடு அடியுங்கள். அதிகம் அடித்தால் பின் சீல் பிதுங்கி மண் உள்ளே போகும். வருடம் ஒருமுறை, நெடும்பயணத்துக்கு முன், இந்த வேலை தவறாமல் நடக்கட்டும். பயணத்தில் ஒரு ஜோடி பேரிங், சீல், காட்டர் பின், கிரீஸ் ட்யூப், ஒரு ஸ்டெப்னி சக்கரம் கூட வர வேண்டும். சிறிய ஊர்களில் 8 அங்குல டயர் கிடைப்பது அரிது.

கேள்வி: டியோகா பாஸ் வழியாக மலை இறங்கப் போகிறோம். டிரெய்லரோடு பிரேக் பிடிப்பதில், வளைவில் என்ன வித்தியாசம்?
(சான் ஹோசே, கலிபோர்னியா)

பதில்: கணவாய் 3,000 மீட்டருக்கு மேல், கிழக்கே லீ வைனிங் ஊர்ப் பக்கம் இறக்கம் நீளமானது. அதனால் இதை விரிவாகவே சொல்கிறோம்.

120 கிலோ டிரெய்லருக்குப் பிரேக் இல்லை. நீங்கள் கடுமையாக பிரேக் பிடிக்கும்போது அது உருண்டையை ஏறக்குறைய 80 கிலோ விசையோடு முன்னே தள்ளுகிறது. நேர்சாலையில் அந்தத் தள்ளல் பைக்கின் நடுக்கோட்டில் போகும். நிற்கும் தூரம் நீளும், அவ்வளவுதான். வளைவில் பைக்கும் டிரெய்லரும் ஒரு கோணத்தில் இருக்கின்றன. கோணம் 10 பாகை என்றால் சுமார் 14 கிலோ பக்கவாட்டில் தள்ளும். 30 பாகை என்றால் 40 கிலோ. அந்த நேரத்தில் முன் பிரேக்கால் எடை முன்னே ஓடி, பின்டயர் தரையை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். லேசான பின்டயரை டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளினால் பைக் மடங்கி விழும். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். இந்தத் தள்ளலைத் தடுக்காது.

ஆகவே வேகத்தை வளைவுக்கு முன், பைக் நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிடுங்கள். இறக்கத்தில் ஒரு கியர், வேண்டுமானால் இரண்டு கியர் குறைத்து இன்ஜின் பிரேக்கில் இறங்குங்கள். அது பின்சக்கரத்தில் வேலை செய்வதால் பைக்கும் டிரெய்லரும் நேர்கோட்டில் நிற்கும். பிரேக்கை உரசிக்கொண்டே இறங்காமல், இடையிடையே நன்றாகப் பிடித்து விட்டுவிடுங்கள், டிஸ்க் ஆறட்டும். முன்வண்டியோடு வழக்கமாக இரண்டு நொடி இடைவெளி விடுகிறவர் நான்கு நொடி விட வேண்டும், மழையில் ஆறு.

திருப்பங்களில் டிரெய்லர் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வலப்பக்கம் சின்னத் தெருவுக்குள் திரும்பும்போது பைக் சற்று வெளியே போய்த் திரும்பாவிட்டால் டிரெய்லர் சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறும். டிரெய்லர் சக்கரங்கள் உங்கள் தடத்துக்கு இருபுறமும் ஓடுகின்றன. நீங்கள் பள்ளத்தை ஒதுக்கினாலும் அவற்றில் ஒன்று அதில் விழக்கூடும். சிறு பள்ளமென்றால் பள்ளத்தை நடுவில் விட்டு நேரே போவது சில நேரம் நல்ல வழி: பைக் சஸ்பென்ஷன் தாங்கும், டிரெய்லர் சக்கரங்கள் இருபுறமும் தப்பும்.

கலிபோர்னியாவில் எதை இழுத்தாலும் உச்ச வேகம் மணிக்கு 55 மைல் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ரிவர்ஸ் கியரில் டிரெய்லரைப் பின்னே தள்ளலாமா?
(பிராம்ப்டன், கனடா)

பதில்: சமதளத்தில் ஒன்றிரண்டு மீட்டர் நேராகப் போகலாம். 2001 முதல் 2017 வரையிலான ஜிஎல்1800இல் ரிவர்ஸை இயக்குவது ஸ்டார்ட்டர் மோட்டார். ஏற்றத்தில் டிரெய்லரைத் தள்ளச் சொன்னால் அது சூடாகும், பேட்டரியும் இறங்கும். குட்டை டிரெய்லர் ஒரு நொடியில் மடங்கிக்கொண்டு சைடு பாக்ஸில் இடிக்கும். கழற்றிக் கையால் தள்ளுவதே சுலபம். முகப்பு இறக்கத்தில் இருக்கும் பார்க்கிங்கில் நுழையாதீர்கள். வெளியே வர வழி இருக்காது.

கேள்வி: மைலேஜ் எவ்வளவு குறையும்?
(ஆட்டவா, கனடா)

பதில்: லிட்டருக்கு 17 கி.மீ. தரும் கோல்ட்விங் 14, 15க்கு இறங்குவது சாதாரணம். எதிர்க்காற்றில் இன்னும் குறையும். 2018க்குப் பிந்தைய வண்டியில் டேங்க் 21 லிட்டர், 250 கி.மீ.க்குள் பங்க் தேடுங்கள். பின் டயரும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேயும்.

கேள்வி: குளிர்காலம் ஆறு மாதம் டிரெய்லர் சும்மா நிற்கும். எப்படி வைப்பது?
(வினிபெக், கனடா)

பதில்: அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்து டயர்களைத் தரையிலிருந்து எழுப்பி நிறுத்துங்கள். டயரில் வெயில் படாமல் மூடுங்கள். ஏர் சஸ்பென்ஷன் என்றால் காற்றை முழுதும் இறக்காமல் சிறிது விட்டு வையுங்கள். பிளக் முனைகளில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். மூடியின் ரப்பர் பட்டை நசுங்கியே இருந்தால் வசந்தத்தில் மழைநீரை உள்ளே விடும். அதனால் மூடியைப் பூட்டாமல் லேசாகத் திறந்த நிலையில் ஒரு துணி வைத்து நிறுத்துங்கள். எலி வரும் கொட்டகை என்றால் மட்டும் மூடிவிடுங்கள், வயரை முதலில் கடிப்பது அதுதான்.